அடிக்கு ஒரே விலை

அவிநாசி
9-1-1994

அன்புள்ள அத்தைக்கு, கலாமணி எழுதுவது.

அப்பா, அம்மா, மாடுகள், ஆழ்துளைக் கிணறு போடும் நம் போர் வண்டிகள் இரண்டு, எல்லாம் சௌக்கியம். டெல்லியில் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நான் நலமா என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அப்பா அனுப்பிய காலண்டர் வந்ததா? போர் வண்டிச் சங்கம் போட்ட முதல் காலண்டர். மேலே கருப்பராயன் படம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், "சங்க விலை அடிக்கு ரூ. 60. குறைத்து ஓட்டும் வண்டிக்குச் சங்கத்தின் ஒத்துழைப்பு கிடையாது" என்று இருக்கும். டீக்கடை, சலூன், சொசைட்டி என்று இங்கே எல்லாச் சுவரிலும் அதுதான் தொங்குகிறது. அப்பா சங்கத் தலைவர் என்பதால் நம் வீட்டில் மூன்று.

அத்தை, சங்கத்துப் பேச்சை வெளியில் பேசக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் சங்கம் ஆரம்பித்த அன்று கருப்பராயன் கோவிலில் பூக் கேட்டார்கள். எல்லா வண்டியும் ஒரே விலைக்கு ஓட்டலாமா என்று கேள்வி. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் வைத்தார்கள். வயதுக்கு வராத பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. நான்தான் எடுத்தேன். வெள்ளை வந்தது. சங்கச் செயலாளர் அரங்கசாமி மாமா எனக்குப் பாவாடைத் துணி வாங்கித் தந்தார்.

செங்கோடன் மாமாவை உங்களுக்குத் தெரியும், முன்பு நம் வண்டியில் டிரைவராக இருந்தவர். இப்போது சொந்தமாக ஒரு பழைய போர் வண்டி வைத்திருக்கிறார். அவர் மகள் தேன்மொழியும் நானும் ஒரே பெஞ்சு. பாப்பாயி அக்கா தோட்டத்தில் கிணறு வற்றி மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்று, செங்கோடன் மாமா அடிக்கு நாற்பத்தைந்துக்கு ஓட்டினார். பாதியில் துளைக்கிற இரும்பு குழிக்குள் மாட்டிக்கொண்டது. அதை இழுத்தெடுக்கும் சாமான் இந்தப் பக்கத்தில் அப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது. யாருக்கு மாட்டினாலும் அப்பா கொடுத்துவிடுவார். இந்த முறை கொடுக்கவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து வண்டி அந்தத் தோட்டத்திலேயே நிற்கிறது. தேன்மொழி என் பக்கத்தில் உட்காருவதில்லை.

எல்லோரும் கூடிப் பேசி ஒரே விலை வைப்பது தப்பா, அத்தை? நீங்கள் வியாபாரச் சட்டத்தைப் பார்க்கிற ஆபீசில்தானே இருக்கிறீர்கள்? பதிலை வீட்டுக்கு எழுத வேண்டாம். என் தோழி ரம்ஷா வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். அவள் அப்பா அக்பர் அலி யாரிடமும் சொல்ல மாட்டார்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
உங்கள் கலாமணி


புது டெல்லி
20-1-1994

அன்புக் கலா கண்ணுக்கு, மரகதம் அத்தை எழுதுவது.

இருமல் இருக்கிறது, ஆனால் அலுவலகம் போகிற அளவுக்கு இருக்கிறேன். காலண்டர் வந்தது. வீட்டுச் சுவரில் மாட்டினேன். கருப்பராயனைப் பார்த்தவுடன் நம் ஊர் நினைவு வந்தது. கீழே உள்ள வரியை அப்புறம்தான் படித்தேன்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். தப்புதான்.

1982-இல் நான் இங்கே சுருக்கெழுத்தராகச் சேர்ந்தபோது எங்கள் மேசைக்கு வந்ததெல்லாம் பெரிய கம்பெனிகளின் காகிதங்கள். இவ்வளவு கோடிக்கு மேல் சொத்துள்ளவர்கள் இன்னொரு ஆலை கட்டவோ, வேறொரு கம்பெனியை வாங்கவோ நினைத்தால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஒருவர் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடக்கூடாது என்பதுதான் அன்றைக்கு இருந்த பெரிய கவலை. 1991-இல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பெரிதாக வளர்வது இனிக் குற்றமில்லை என்றார்கள். கட்டுக்கட்டான காகிதங்கள் கீழ்த்தளத்துக்குப் போயின. எங்களில் பலரைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது அங்கே லாரி வாடகை, டயர், சிமெண்ட் என்று வருகிறது. ஆள் பெரியவரா சின்னவரா என்று யாரும் கேட்பதில்லை. கூடிப் பேசி விலை வைத்தார்களா, ஒத்துவராதவனை ஒதுக்கினார்களா என்றுதான் கேட்கிறார்கள். சட்டத்தில் இது முன்பிருந்தே இருக்கிறது. அப்போது அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இப்போது இருக்கிறது.

உன் பெயரைச் சொல்லாமல் அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறேன். பூவை எடுத்தது உன் கைதான், ஆனால் விலையை வைத்தது பெரியவர்கள். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை


அவிநாசி
3-2-1994

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதத்தை ரம்ஷா கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். உங்கள் இருமலுக்கு அதிமதுரம் வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார் அம்மா.

அப்பாவுக்கு நீங்கள் எழுதியதும் வந்தது. அப்பா அதை அரங்கசாமி மாமாவுக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினார். நான் காபி கொண்டுபோனேன்.

"ஏனுங்க தலைவரே, ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே தங்கச்சிதானுங்க 'அந்தச் சட்டம் போயிருச்சுண்ணா, இனி யாரையும் அனுமதி கேக்க வேண்டியதில்ல'ன்னு எழுதுச்சு? அதைச் சொல்லித்தானுங்க நாம எல்லாத்தையும் சங்கத்துல சேத்துனோம்," என்றார் அரங்கசாமி மாமா.

"அவளுக்கு டெல்லிக் குளுரு தலைக்கேறிப்போச்சு. போன சட்டம் மறுக்கா எப்படி வரும்?" என்றார் அப்பா.

"வந்தாலும் அது ஆலை வெச்சிருக்கறவனுக்குங்க. நாம ஊரான் தோட்டத்துல ஓட்டை போடறவங்க. நம்மளப் புடிக்க டெல்லியில இருந்து ரயிலேறி வருவானுங்களா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்தபோது காபி தட்டில் சிந்தியது. "நம்ம ராசியான கை, இப்படிச் சிந்தலாமா அம்மணி?" என்று அரங்கசாமி மாமா கேட்டார்.

அத்தை, சட்டம் போய்விட்டது என்று நீங்கள் எழுதினீர்களா? பெரிய கம்பெனி அனுமதி கேட்கிற அந்தப் பகுதி மட்டும்தான் போனது என்று அப்போதே எழுதவில்லையா? சங்கத்தில் எல்லோரும் உங்களை நம்பித்தான் தைரியமாக இருக்கிறார்கள். தலைவர் தங்கை அந்த ஆபீசிலேயே இருக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் விலையைக் காலண்டரிலேயே அச்சடித்தார்கள்.

செங்கோடன் மாமாவுக்குத் திருச்செங்கோட்டில் அந்தச் சாமானை வாடகைக்குத் தர ஒருவர் ஒத்துக்கொண்டாராம். அரங்கசாமி மாமா போன் செய்து அதையும் நிறுத்திவிட்டார். வண்டிக்கு வாங்கிய கடன் கட்ட முடியவில்லை. வண்டியைச் சங்கத்துக்கே விற்றுவிடு என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தேன்மொழி பள்ளிக்கூடம் வந்து ஒரு வாரம் ஆகிறது.

ஏதாவது செய்யுங்கள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் செய்யுங்கள்.

உங்கள் கலாமணி


புது டெல்லி
16-2-1994

அன்புக் கலாவுக்கு,

நலம். வேலை அதிகம்.

சட்டம் போய்விட்டது என்று நான் எழுதியது உண்மைதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்த சட்டம் என் மேசைக்கு வந்த பகுதி மட்டும்தான்.

இனிச் சங்கத்தைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். பரீட்சை வருகிறது. விஞ்ஞானத்தில் கவனம் வை. இரவில் மங்கின விளக்கில் எழுதினால் கண் கெடும்.

காலண்டரை வீட்டுச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

அத்தை


அவிநாசி
13-3-1994

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் எனக்கு இப்போது ஒன்றே ஒன்றைத்தான் கேட்க வருகிறது. என் கடிதத்தை ஆபீசில் யாருக்காவது காட்டினீர்களா?

வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் சங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. இங்கிலீசில் இருந்ததால் அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். பாதி வார்த்தைகள் புரியவில்லை. ஆனால் "அடிக்கு அறுபது" என்று இருந்தது. "ஒத்துழைப்பு மறுத்தல்" என்று இருந்தது. விசாரணைக்கு ஆள் வருவார் என்றும் இருந்தது. நான் படிக்கப் படிக்க அப்பா முகம் ஒரு மாதிரி ஆனது. படித்து முடித்ததும், "சரி, போய்த் தண்ணி கொண்டா கண்ணு," என்றார். கொண்டுவந்தேன். குடிக்கவில்லை.

சாயங்காலம் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எவன் எழுதிப்போட்டான் என்பதுதான் பேச்சு. "எழுதுனவன் நம்ம ஊட்டுச் சோத்தைத் தின்னவனாத்தான் இருக்கணும்," என்றார் அரங்கசாமி மாமா. அவர் செங்கோடன் மாமாவைச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவை ஜெயிலில் போடுவார்களா?

ஒரே ஒரு வரி எழுதுங்கள் அத்தை. காட்டினேன், அல்லது காட்டவில்லை.

கலாமணி


அவிநாசி
21-3-1994

அன்புத் தங்கை மரகதத்துக்கு அண்ணன் பாலுசாமி எழுதுவது.

நீ நல்லா இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் ஆபீசுக்குப் போன் போட்டால் யார் யாரோ எடுக்கிறார்கள், அதனால் கடிதம்.

நோட்டீஸ் வந்த சங்கதி உனக்குத் தெரிந்திருக்கும். உன் ஆபீசு முத்திரையோடு உன் அண்ணன் பெயருக்கு வந்திருக்கிறது. சங்கத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். தலைவர் தங்கச்சி இருந்துமா என்கிறார்கள். நான் என்ன சொல்ல?

நீ டைப்ரைட்டிங் படிக்கப் போகும்போது ஊரே சிரித்தது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். நான்தான் தினமும் சைக்கிளில் வைத்து டவுனுக்கும் வீட்டுக்கும் மிதித்தேன். அதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைவிருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

காகிதம் உன் கை வழியாகத்தான் போகிறது. காகிதம் தொலைந்துபோவது எந்த ஆபீசிலும் நடப்பதுதான். எழுதிப்போட்டவன் யார் என்று மட்டுமாவது சொல். மீதியை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்


அவிநாசி
17-4-1994

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, எனக்கும் பதில் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. தினமும் ரம்ஷாவைப் பார்க்கிறேன். அவள் தலையை ஆட்டி இல்லை என்கிறாள். நேற்று அவள் அம்மா சாஜிதா பேகம், "உங்க அத்தைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ கண்ணு," என்றார். அப்படி இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள்.

விசாரணை அதிகாரி வந்து போனார். நன்றாகத் தமிழ் பேசினார். வீட்டில்தான் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோனேன்.

"எல்லா வண்டிக்கும் ஒரே விலை எப்படிங்க வந்தது?" என்று கேட்டார்.

"டீசல் விலை எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. அதனால கூலியும் ஒண்ணா வந்திருச்சுங்க," என்றார் அப்பா.

"கூடிப் பேசவே இல்லைங்களா?"

"கோவில் நோம்பின்னா கூடுவமுங்க. சாமி காரியம் பேசுவம்."

அதிகாரி காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர் தொங்கியது, அத்தை. அப்பா அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். "நல்ல படமுங்க. இதுல ஒண்ணு எனக்குக் கிடைக்குங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்கு அப்போதுகூடத் தெரியவில்லை. சந்தோசமாக உள்ளே போய்ப் புதிதாக ஒன்று எடுத்துவந்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

கார் போன பிறகுதான் அரங்கசாமி மாமா தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே ஊரெல்லாம் காலண்டரைக் கழற்றிவிட்டார்கள். நம் வீட்டுச் சுவரில் இப்போது மூன்று இடத்தில் வெள்ளையாகச் சதுரம் தெரிகிறது.

அதிகாரி அப்பாவைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. போகும்போது என்னைப் பார்த்து, "எத்தனாவது படிக்கறே பாப்பா?" என்று கேட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

கலாமணி


அவிநாசி
29-4-1994

அத்தைக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அம்மா இரண்டு முறை எழுந்து வந்து பார்த்துவிட்டார்.

சித்திரை அமாவாசை அன்று, மே பத்தாம் தேதி, கருப்பராயன் கோவிலில் மறுபடியும் பூக் கேட்கப் போகிறார்கள். டெல்லிக்கு எழுதியது செங்கோடன் மாமாவா என்று கேள்வி. சிவப்பு வந்தால் அவர்தான். வெள்ளை வந்தால் அவர் இல்லை.

சிவப்பு வந்தால் அவரை ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். வண்டியையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பாப்பாயி அக்கா நேற்று வந்து, "அந்த மனுசன் என்னையப் பாத்து எரக்கப்பட்டதுக்கா சாமி இத்தன தண்டனை?" என்று அப்பாவிடம் கேட்டார். "சாமி சொல்லட்டும் பாப்பாயி," என்றார் அப்பா.

போன முறை எடுத்த கையே எடுக்கட்டும் என்று அரங்கசாமி மாமா சொல்லிவிட்டார். நான் மாட்டேன் என்றேன். அம்மா, "சாமி காரியத்துக்கு மாட்டேன்னு சொல்லக்கூடாது," என்றார்.

யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று கருப்பராயனுக்கும் தெரியும். சிவப்பை எடுத்துவிட்டால் என்ன செய்வேன்? அடுப்பங்கரையில் இரண்டு இலையை மடித்து வைத்துக் கண்ணை மூடி எடுத்துப் பார்த்தேன். ஏழு முறை சிவப்பு வந்தது.

காட்டினீர்களா, இல்லையா?

கலா


புது டெல்லி
6-5-1994

என் கண்ணு கலாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. அண்ணன் கடிதமும் வந்தது. எதற்கும் பதில் எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. உன் பெயர் இங்கே எந்தக் காகிதத்திலும் இல்லை. கோவிலில் நிற்கும்போது இதை மட்டும் நினைத்துக்கொள்.

காலண்டரை அதிகாரியின் மேசையில் வைத்தது நான். பிப்ரவரியில், உன் இரண்டாவது கடிதம் வந்து மூன்றாம் நாள். புகார் யாரும் தரவில்லை என்றாலும் தகவல் கிடைத்தால் தாங்களே எடுத்து விசாரிக்க இங்கே வழி உண்டு. சிவப்பு எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். சங்கத் தலைவர் என் அண்ணன் என்று அப்போதே எழுதிக் கொடுத்தேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றி, வீட்டாரோடு இதைப் பற்றித் தொடர்பு வைக்கக்கூடாது என்றார்கள்.

அண்ணனைத் தனியாகக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சினேன். சிரித்தார் என்று நீதானே எழுதினாய். என் பாதிச் செய்தியை நம்பி அத்தனை பேர் ஒரு மனிதனை ஒதுக்கினார்கள். மீதிப் பாதியையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் சொன்னாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஜெயில் இல்லை. இந்தச் சட்டம் அவ்வளவு கூரானதல்ல. "நிறுத்து, மறுபடி செய்யாதே" என்று ஆணை வரும். ஆணையை மீறினால்தான் தண்டனை. நாளைக்கு இதைவிடக் கடுமையான சட்டம் வரலாம், யார் கண்டது. அதற்குள் அண்ணன் நிறுத்திவிடட்டும்.

பூவை எடுக்காதே. மரகதம்தான் செய்தாள் என்று அப்பாவிடம் சொல். இந்தக் கடிதத்தையே காட்டு.

அத்தை


அவிநாசி
17-5-1994

அன்புள்ள அத்தைக்கு, கலாமணி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் ஒரு மாதிரி நலம். உங்கள் கடிதம் ரம்ஷா கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. கோவில் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செங்கோடன் மாமாவையும் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி அவர் பின்னால் நின்றாள். பொட்டலங்களை அரங்கசாமி மாமாதான் கட்டி எடுத்துவந்து சாமி முன்னால் வைத்தார். போன முறையும் அவர்தான் கட்டினார்.

"எடு கண்ணு. பயப்படாதே. உன்ர கை பொய் சொல்லாது," என்றார்.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். கை நீளவில்லை.

"நான் எடுக்க மாட்டனுங்க," என்றேன். "எழுதுனது நானுங்க. டெல்லி ஆபீசுக்கு நேரா எழுதுனனுங்க. அத்தை கவர் மேல அட்ரசு இருந்துச்சு."

உங்களுக்கு எழுதினேன் என்று சொல்லவில்லை, அத்தை. என் கடிதத்தால்தான் எல்லாம் நடந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் உங்களையும் இழுப்பார்கள் என்று அப்படிச் சொன்னேன். சாமி முன்னால் சொன்ன பொய். கருப்பராயன் என்ன நினைத்தாரோ தெரியாது.

அரங்கசாமி மாமாதான் முதலில் சிரித்தார். "கொழந்த பயந்துபோயிருச்சுங்க. கூட்டாளிப் புள்ளைக்காக உளறுதுங்க. வேற புள்ளைய எடுக்கச் சொல்லலாமுங்க தலைவரே."

அப்பா என்னையே பார்த்தார். "நெசமாலுமா எழுதுன?" என்று கேட்டார். "ஆமாங்கப்பா," என்றேன். அவர் அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடிக்கவில்லை. குனிந்து பொட்டலத்தை எடுத்தார்.

"அதை நீங்க தொடக்கூடாதுங்க," என்று அரங்கசாமி மாமா வேகமாக முன்னால் வந்தார். அந்த வேகத்தில்தான் அப்பாவுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். நூலைப் பல்லால் அறுத்து இலையைப் பிரித்தார். சிவப்பு அரளி. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொன்றையும் பிரித்தார். அதிலும் சிவப்பு.

எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும், அத்தை.

அப்பா இரண்டு பூவையும் அரங்கசாமி மாமாவிடம் நீட்டினார். பிறகு, "ஏனுங்க அரங்கசாமி, போன வருசம் ரெண்டும் வெள்ளைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அரங்கசாமி மாமா, "சங்கம் சேரணுமில்லீங்க," என்றார்.

மறுநாள் விடிவதற்குள் அப்பா சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாப்பாயி அக்கா தோட்டத்துக்குப் போனார். மத்தியானம் இரும்பு மேலே வந்ததாம். செங்கோடன் மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம், இரும்பை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார் என்று பாப்பாயி அக்கா சொன்னார். இதை எழுதும்போதும் அந்த வண்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். அடிக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சங்கத் தலைவர் வேண்டாம் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். ஆணை வந்தால் வரட்டும் என்கிறார்.

ஆனால் என்னோடு பேசுவதில்லை. நான் எதிரே வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். இரண்டு பூவும் சிவப்பாக இருந்ததற்கு அரங்கசாமி மாமா மேல் கோபம். பெற்ற பெண் டெல்லிக்கு எழுதியதற்கு என் மேல் கோபம். இரண்டாவதுதான் பெரிது என்று அம்மா சொல்கிறார்.

உங்கள் கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவிடம் காட்டச் சொன்னீர்கள். காட்டினால் என் மேல் உள்ள கோபம் போய்விடும், தெரியும். ஆனால் அப்புறம் உங்களுக்கு இந்த வீட்டில் யார் கதவைத் திறப்பார்கள்? நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். உங்களோடு பேசாமல் இருப்பது அப்பாவுக்குச் சுலபம். வருடக்கணக்காக இருந்துவிடுவார். நான் இதே வீட்டில் இருக்கிறேன். என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? அதனால் இது என்னிடமே இருக்கட்டும். நீங்களும் அப்பாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். உடம்பு சரியில்லாததால் பதில் போடவில்லை என்று எழுதுங்கள். உங்கள் இருமல் அவருக்குத் தெரியும்.

ஆடி நோம்பிக்கு லீவு போட்டு வாருங்கள். சுவரில் அந்த வெள்ளைச் சதுரங்களைப் பார்த்தால் பார்க்காதது போல இருங்கள்.

நேற்று இரவு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்ததால் நான்தான் பரிமாறினேன். அப்பா சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். இலையைப் பார்த்துக்கொண்டே, "உப்பு," என்றார்.

கொண்டுபோய் வைத்தேன்.

உங்கள் கலாமணி